கல்லூரி பார்க்கப் போகும் பயணம்: சிக்கனமும் கவனமும்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு கல்லூரி தேடி அலையும் பெற்றோருக்கு இந்தப் பழமொழியின் பொருள் நன்றாகவே புரியும். விண்ணப்பத்தின் விலை சில நூறு ரூபாய். அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போய் வரும் செலவு சில ஆயிரம் ரூபாய். திருவனந்தபுரத்தில் வாழும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் கூடுதல். சென்னை நமக்கு ஓர் இரவுப் பயணம். திருச்சி அரை நாள். கோவை, பெங்களூர் எதுவும் பக்கத்தில் இல்லை.

இந்த மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் எனக்குத் தெரிந்த கணக்கையே எழுதுகிறேன் என்றேன். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். ஆனாலும் சொந்த வீட்டுக் கணக்கில் ஒருமுறை பெரிய தவறு செய்தவன். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

2009-ல் நடந்தது

என் மகள் 2009-ல் பிளஸ் டூ முடித்தாள். பொறியியல் படிக்க வேண்டும், அதுவும் தமிழ்நாட்டில் படிக்க வேண்டும் என்று ஆசை. அவளுக்கு இருந்ததைவிட எனக்கு அதிகம் இருந்தது என்பதே உண்மை. மூன்று மாதத்தில் மூன்று பயணம் போனோம்.

முதல் பயணம் சென்னைக்கு. கடைசி நேரத்தில் தட்கலில் டிக்கெட் எடுத்து, நான், மனைவி, மகள் என்று மூன்று பேரும் போனோம். எழும்பூரில் லாட்ஜ், கிண்டிக்கு ஆட்டோ. இரண்டாம் பயணம் திருச்சிக்கு. போய் இறங்கிய பிறகுதான் அன்று உள்ளூர் விடுமுறை என்று தெரிந்தது. பூட்டிய அலுவலகத்தின் வாசலில் நின்று, காவலாளியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினோம். மூன்றாம் பயணம் மறுபடியும் திருச்சிக்கே. மூன்றுக்கும் சேர்த்து 11,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அன்றைய என் சம்பளத்தில் அது சிறிய தொகை இல்லை.

இதற்கிடையில் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. பளபளப்பான கையேடு. "அப்பா, சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துரலாமா?" என்று மகள் கேட்டாள். "இனி ஒரு பைசா வண்டிக்குச் செலவு பண்ண முடியாது மக்ளே, படத்துல நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பார்க்காமலே பணம் கட்டினேன்.

படத்தில் இருந்த கட்டடம் இருந்தது. ஆனால் ஆய்வகம் பாதிக்கு மேல் காலி. அவள் சேர்ந்த பிரிவில் ஆசிரியர்கள் நிலைக்கவில்லை. விடுதி கல்லூரியிலிருந்து வெகு தூரம். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். கட்டிய பணம் போயிற்று. அதைவிட, அவளுடைய ஒரு வருஷம் போயிற்று. அடுத்த ஆண்டு திருவனந்தபுரத்திலேயே பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்து, இப்போது பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். என்னிடம் ஒருநாளும் அதைக் குத்திக் காட்டியதில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

வீண் பயணத்துக்கு 11,000 செலவழித்தேன். தேவையான ஒரே பயணத்துக்கு 1,500 ரூபாய் மிச்சம் பிடித்தேன். இது சிக்கனம் ஆகாது. எங்கே போக வேண்டாம் என்று முதலில் தெரிந்துகொண்டால், போக வேண்டிய இடத்துக்குப் பணம் தானாக மிஞ்சும். இக்கட்டுரை முழுவதும் இந்த ஒரே கருத்தைத்தான் விளக்கப் போகிறேன்.

எந்தக் கதவு நமக்குத் திறக்கும்?

ரயில் நேரம் பார்ப்பதற்கு முன்னால் விதிமுறை பார்க்க வேண்டும். வெளிமாநிலத் தமிழர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம்.

முதலாவது திருச்சி. அங்குள்ள தேசிய தொழில்நுட்பக் கழகம் 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003-ல் இன்றைய பெயரைப் பெற்றது. நம் வீடுகளில் பலருக்கு அது ஒரு கனவு. இந்தக் கழகங்களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தாருக்கு. ஆனால் 'சொந்த மாநிலம்' என்பது தாய்மொழியைப் பொறுத்ததல்ல, பூர்விகத்தைப் பொறுத்ததும் அல்ல. பிளஸ் டூ தேர்வை எந்த மாநிலத்தில் எழுதித் தேறினோமோ அதுவே சொந்த மாநிலம். ஆகவே திருவனந்தபுரத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைக்குச் சொந்த மாநில ஒதுக்கீடு கோழிக்கோட்டில்தான் கிடைக்கும். திருச்சியில் அவள் பிற மாநிலத்தவர் வரிசையில் நிற்க வேண்டும். 2009-ல் இது எனக்குத் தெரியாது. 'தமிழ்ப் பிள்ளைதானே, திருச்சி நமக்குத்தானே' என்று இரண்டு முறை போய் வந்தேன்.

இரண்டாவது, தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பூர்விகச் சான்று தேவையில்லை. வெளிமாநிலத்தில் படித்தவர்கள், தாங்கள் தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் என்பதற்கு வருவாய்த் துறையிடமிருந்து சான்று வாங்கித் தர வேண்டும். நாம் 'நேட்டிவிட்டி' என்று சொல்லும் சான்று இதுதான். இங்கேதான் நம் சிக்கல். என் தாத்தா தோவாளையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் பிழைக்க வந்தபோது நடுவில் எல்லையே கிடையாது. இரண்டு ஊரும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர்க்காரர்கள் தமிழ்நாட்டுக்காரர் ஆனார்கள், நாங்கள் கேரளத்துக்காரர் ஆனோம். இனி எனக்குப் பூர்விகச் சான்று வேண்டுமென்றால் பழைய நிலப் பத்திரம், வரி ரசீது, பெற்றோரின் பள்ளிச் சான்று என்று தோண்ட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்குங்கள். சான்று கிடைக்குமா என்று தெரியாமல் கல்லூரி பார்க்கப் போவது, பெண் கேட்காமல் மண்டபம் பார்க்கப் போவது போல.

மூன்றாவது, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் நமக்குப் பொருந்தாது. சாதி அடிப்படையிலான ஒதுக்கீடும் அப்படியே. பிற மாநிலத்தவராகக் கருதப்படும் பிள்ளை பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும்.

நான்காவது நல்ல செய்தி. ஐ.ஐ.டி.களில் மாநில ஒதுக்கீடு இல்லை. திருவாரூரில் 2009-ல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இளநிலைச் சேர்க்கை 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. இந்தக் கதவுகளில் யாரும் நம் பூர்விகத்தைக் கேட்பதில்லை.

ஆக, ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். 'நமக்குத் திறக்கும் கதவு', 'நமக்குத் திறக்காத கதவு'. விதிகள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்தே இதைச் செய்ய வேண்டும். இரண்டாம் பத்தியில் விழுந்த ஊருக்கு டிக்கெட் வேண்டாம்.

கட்டாயப் பயணம் போய், விருப்பப் பயணம் வந்தது

முன்பெல்லாம் ஒரு பயணம் கட்டாயமாக இருந்தது. தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளர முறையில் பொறியியல் கலந்தாய்வு வந்தபின், மாணவரும் பெற்றோரும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணச் சலுகையும் இருந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. வீட்டில் உட்கார்ந்தே கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம்.

'அப்போ இனி பயணமே வேண்டாமே' என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. முன்பு கலந்தாய்வுக் கூடத்திலாவது நாலு பெற்றோரிடம் விசாரிக்க முடிந்தது. இப்போது திரையில் கல்லூரியின் பெயரும் குறியீட்டு எண்ணும் மட்டும் தெரியும். பார்க்காமல் பணம் கட்டும் ஆபத்து கூடியிருக்கிறது. கலந்தாய்வுக்காக மிச்சமான பயணச் செலவை, கல்லூரியைப் பார்ப்பதற்குத் திருப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

ஆனால் எல்லாக் கல்லூரியையும் பார்க்க முடியாது. முதலில் காகிதத்தில் வடிகட்ட வேண்டும். கடந்த ஆண்டுகளின் கட்-ஆஃப் மதிப்பெண், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம், 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசை, தன்னாட்சி உண்டா இல்லையா என்பவற்றை வைத்துப் பார்த்தால் பட்டியல் ஐந்தாறாகச் சுருங்கும். அவற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றை ஒரே பயணத்தில் கோக்க வேண்டும்.

எப்போது போவது?

நாம் செய்யும் அடுத்த தவறு கோடை விடுமுறையில் போவது. ஏப்ரல், மே மாதத்தில் ரயிலில் இடம் கிடைக்காது, தட்கலில் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் கல்லூரியிலும் மாணவர் இருக்க மாட்டார்கள். காலி வகுப்பறையைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது?

கேரளத்தில் வாழும் நமக்கு ஒரு தனி வசதி உண்டு. அதுதான் ஓணம் விடுமுறை. இங்கே பள்ளிகள் பத்து நாள் அளவுக்கு மூடியிருக்கும். தமிழ்நாட்டில் கல்லூரிகள் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும். பிள்ளைக்கு வகுப்பு போகாது, கல்லூரியும் உயிரோடு இருக்கும். பூஜை விடுமுறையில் இந்த வசதி இல்லை. ஆயுத பூஜை, விஜயதசமிக்கு அங்கேயும் பூட்டியிருக்கும். ஓணத்தை ஒட்டி மிலாது நபி போன்ற அரசு விடுமுறைகள் வரக்கூடும் என்பதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய வாசல் அனுபவம் ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும்.

போவதற்கு மூன்று வாரம் முன்பே சம்பந்தப்பட்ட துறைத் தலைவருக்கு மின்னஞ்சலில் ஒரு வேண்டுகோள் அனுப்ப வேண்டும். 'இன்ன தேதியில் மாணவியும் ஒரு பெரியவரும் வருகிறோம், ஆய்வகம் பார்க்க அனுமதி வேண்டும்' என்று நான்கு வரி போதும். பதில் வந்த இடத்துக்குப் போங்கள்.

பல்கலைக்கழகமே கதவைத் திறந்துவைக்கும் நாள்

பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் ஆண்டில் சில நாட்களைத் 'திறந்த நாள்' என்று அறிவித்து, வருங்கால மாணவர்களை வரவேற்கின்றன. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில பல்கலைக்கழகங்கள் பயணச் செலவைத் திருப்பித் தருவதும் உண்டு. நம் நாட்டில் பயணச் செலவு தருவது வழக்கத்தில் இல்லை. ஆனால் திறந்த நாட்கள் இருக்கின்றன, பலருக்கும் தெரிவதில்லை.

1909-ல் தொடங்கிய பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், ஆண்டுக்கு ஒருநாள் எல்லாத் துறை ஆய்வகங்களையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. பெரும்பாலும் பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. அனுமதி இலவசம். நம் ஊர் வழியாகப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை காலை பெங்களூர். ஆனால் அது பிளஸ் டூ பொதுத் தேர்வு நேரம். ஆகவே பிளஸ் ஒன்னில் இருக்கும்போதே போய்விட வேண்டும்.

அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு 1942-ல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி, அதன் கீழுள்ள ஆய்வகங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறக்கின்றன. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று. அங்கே பி.டெக். படிப்பும் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதே குழுவின் இன்னொரு ஆய்வகம் நம் பாப்பனங்கோட்டிலேயே இருக்கிறது. நகரப் பேருந்தில் போய்விடலாம்.

உள்ளூரிலேயே பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவில், பழைய மக்தலேனா மாதா தேவாலயத்தில் விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. வலியமலையில் 2007-ல் தொடங்கிய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம், விதுரையில் அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகம், 1939-ல் தொடங்கிய நம் பொறியியல் கல்லூரி ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டால், வெளியூரில் எதைப் பார்க்க வேண்டும் என்ற அளவுகோல் பிள்ளைக்குக் கிடைத்துவிடும். தமிழ் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை இருக்கிறது. அந்தத் துறையில் பணியாற்றிய வ.அய்.சுப்பிரமணியம்தான் 1981-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். நெல்லையில் உள்ள பல்கலைக்கழகம் யார் பெயரில் இருக்கிறது? இதே திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில். உள்ளூரை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ரயில் கணக்கு

ரயில்வே விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

ஒன்று, முன்பதிவு. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. ஓணம் தேதி பஞ்சாங்கத்தில் முன்பே தெரியும். 60-ஆம் நாள் காலை பதிவு செய்தால் தட்கல் கூடுதல் கட்டணம் மிச்சம்.

இரண்டு, காத்திருப்புப் பட்டியல். ரயில் புறப்படும் ஊருக்குத்தான் இடங்கள் அதிகம். நடுவில் ஏறுபவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் குறைவு, காத்திருப்புப் பட்டியலும் மெதுவாகத்தான் நகரும். திருவனந்தபுரத்திலிருந்து இடம் இல்லை என்றால் நாகர்கோவிலிலிருந்து பாருங்கள். சென்னைக்கும் கோவைக்கும் அங்கிருந்தே புறப்படும் ரயில்கள் உண்டு. நாகர்கோவில் எழுபது கிலோமீட்டர்தான், சாதாரண ரயிலில் மிகக் குறைந்த கட்டணம்.

மூன்று, எந்த நிலையம் என்பது. கொச்சுவேளி நிலையத்துக்கு 2024-ல் 'திருவனந்தபுரம் வடக்கு' என்றும், நேமத்துக்குத் 'திருவனந்தபுரம் தெற்கு' என்றும் பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் 'திருவனந்தபுரம்' என்று பார்த்ததும் தம்பானூருக்குப் போய் நிற்காதீர்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

நான்கு, மாணவர் சலுகை. பள்ளி ஏற்பாடு செய்யும் கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 50 விழுக்காடு சலுகை உண்டு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 விழுக்காடு. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட படிவத்தை முன்பதிவுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். தனியாக அப்பாவும் பிள்ளையும் கல்லூரி பார்க்கப் போனால் இது கிடைக்காது.

ஐந்து, தாத்தா பாட்டிகள் கவனிக்க: மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. 'எனக்குப் பாதி டிக்கெட்தானே, நானும் வரேன்' என்று கிளம்பாதீர்கள். நானும் அப்படித்தான் கிளம்பப் பார்த்தேன்.

ஆறு, சுற்றுப் பயணச் சீட்டு. புறப்பட்ட ஊருக்கே வேறு வழியாகத் திரும்பி வருவதாக இருந்தால், ரயில்வேயில் இந்தச் சீட்டு கேட்கலாம். ரயில் கட்டணம் தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்குக் குறையும். மொத்தத் தூரத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டு நீண்ட பயணமாகக் கணக்கிடுவதால், துண்டு துண்டாக டிக்கெட் எடுப்பதைவிட மலிவு. எட்டு இடம் வரை இறங்கி ஏறலாம். மதுரை, திருச்சி, சென்னை போய் சேலம், பாலக்காடு வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இது ஏற்றது. தைக்காட்டில் உள்ள கோட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். படுக்கை முன்பதிவுக் கட்டணம் தனி.

2024-ல் செய்தது

என் மூத்த மகனின் மகள் 2024-ல் பிளஸ் டூவில் இருந்தாள். அந்த ஆண்டு திருவோணம் செப்டம்பர் 15. இந்த முறை கணக்கு என் கையில், பயணம் என் மகள் கையில். அதே மகள்தான், 2009-ல் பார்க்காமல் சேர்த்துவிட்டேனே, அவளேதான். "அப்பா, மூணு பேர் போனா மூணு டிக்கெட். நீங்க வீட்ல இருங்க, நான் பிள்ளைய கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றாள். சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். புதன் காலை எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கி, காத்திருப்பு அறையில் குளித்துவிட்டு, மின்சார ரயிலில் கிண்டி. இந்த ஒரே மாற்றத்தில் ஆட்டோ செலவும் லாட்ஜ் செலவும் போயிற்று. அன்று இரவு ரயிலில் திருச்சி. வியாழன் மாலை பஸ்ஸில் மதுரை, அங்கே ஒரே ஒரு இரவு ரயில் நிலைய ஓய்வறையில். வெள்ளி காலை காரைக்குடி போய் மாலை திரும்பி, இரவு உறவினர் வீட்டில். சனிக்கிழமை காலை மதுரையில் திருவனந்தபுரம் இன்டர்சிட்டியில் ஏறி, மாலைக்குள் வீடு. நீண்ட தூரம் இரவில், குறுகிய தூரம் பகலில் என்று வைத்துக்கொண்டால் தங்கும் செலவு குறையும். உள்ளூரில் இன்னொரு மிச்சமும் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேரும் பெண்கள் ஆனதால் ஊருக்குள் பெரும்பாலும் காசில்லாமல் சுற்றினார்கள்.

சாப்பாடு உட்பட மொத்தச் செலவு 5,600 ரூபாய்க்குள் முடிந்தது. பதினைந்து வருஷ விலையேற்றத்துக்குப் பிறகும் 2009-ல் ஆனதில் பாதி.

மகள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோயிருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விகள். ஆய்வகக் கருவிகள் உபயோகத்தில் இருக்கின்றனவா, அல்லது உறை போட்டு மூடியிருக்கின்றனவா? துறையில் ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர் எத்தனை பேர்? விடுதியிலிருந்து வகுப்புக்கு நடந்தால் எத்தனை நிமிஷம்? இரவு எட்டு மணிக்கு நூலகம் திறந்திருக்குமா? முக்கியமாக, அலுவலகத்தில் கேட்காமல் கேன்டீனில் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். 'சேர்ந்தது சரின்னு தோணுதா?' என்று கேட்டால் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும் என்கிறாள்.

பேத்தி மிகவும் ஆசைப்பட்ட ஒரு கல்லூரியை, நேரில் பார்த்த பிறகு அவளே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். எதிர்பார்க்காத இன்னொன்றைச் சேர்த்தாள். 2025-ல் கடைசியாக அவள் சேர்ந்தது எங்கே தெரியுமா? இதே திருவனந்தபுரத்தில், வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில். 'அப்போ ஊர் சுத்தினது வீண்தான?' என்று என் தம்பி கேட்டான். பேத்தியே பதில் சொன்னாள்: "இல்ல சின்னத் தாத்தா, பாக்காம இருந்தா நாலு வருஷமும் அங்க போயிருக்கலாமோன்னு நெனச்சிட்டே இருப்பேன்." அந்த 5,600 ரூபாயை நான்கு வருஷ விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என் கணக்குப் புத்தி நிறைவடைகிறது.

சங்கம் செய்யக்கூடியது

தனித்தனிக் குடும்பமாகச் செய்வதைச் சங்கமாகச் செய்தால் செலவு இன்னும் குறையும். மூன்று யோசனைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களோடு பேசி, பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்யலாம். மேலே சொன்ன ரயில் சலுகை அப்போது முறைப்படி கிடைக்கும். காரைக்குடி ஆய்வகத்தின் திறந்த நாளையே இதற்குக் குறிவைக்கலாம்.

மதுரை, திருச்சி, சென்னை, கோவை ஆகிய ஊர்களில் ஓர் இரவு தங்க இடம் தரக்கூடிய நம் உறவினர், நண்பர் வீடுகளின் விவரத்தை, அவர்கள் சம்மதத்தோடு, செயலாளரிடம் வைத்திருக்கலாம். ஒரு பெண் பிள்ளையோடு இரவில் ஊர் போய்ச் சேரும் தாய்க்கு, லாட்ஜ் வாடகை மிச்சம் என்பதைவிட அந்த நிம்மதி பெரிது.

கடைசியாக, சங்க நூலகத்தில் ஒரு பெரிய நோட்டு வைக்கலாம். கல்லூரி பார்த்து வந்த ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பக்கம் எழுதட்டும். எந்தத் தேதி, என்ன செலவு, என்ன பார்த்தோம், யார் நன்றாகப் பேசினார்கள், எது பூட்டியிருந்தது என்று. அடுத்த வருஷம் போகிறவர்களுக்கு அது வழிகாட்டும். என் மகள் தன் நோட்டிலிருந்து முதல் எட்டுப் பக்கத்தை அதற்காகப் படியெடுத்துத் தந்திருக்கிறாள். 2009-ல் அவள் சேர்ந்த கல்லூரியைப் பற்றியும், பெயர் சொல்லாமல், ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை நான் இப்போதுதான் முதல்முறையாக முழுதும் படித்தேன். நோட்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நூலகத்தில் இருக்கும். வந்து பாருங்கள், உங்கள் பக்கத்தையும் எழுதுங்கள்.